அவரைக்கு ஊன்றிய தடி

அடியுங்கோ ரீச்சர், கண்ணை மட்டும் விட்டிட்டு அடியுங்கோ, நான் ஏனெண்டு கேக்கமாட்டன், கையை இறக்குங்கள், இந்த வகுப்பில் யாரும் யாரையும் அடிப்பதில்லை, பிள்ளையை உங்களிட்டைத் தந்தாச்சு ரீச்சர், இனி அவள் உங்கடை பிள்ளை, முதலில் அதைக் கீழே வையுங்கள், வையுங்கள் என்கிறேன், என்று இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுகின்றன, இரண்டுமே என் வாயால்தான் வருகின்றன, ஒன்று தமிழாக வந்து ஜேர்மனாகப் போகிறது, மற்றது ஜேர்மனாக வந்து தமிழாகப் போகிறது, நடுவில் ஓர் ஆணின் கை உயர்ந்து நிற்கிறது, கையில் ஒரு தடி, தடியைச் சுற்றியபடியே வேரோடு பிடுங்குப்பட்ட அவரைக்கொடி, அதன் வேரிலிருந்து ஈரமண் உதிர்ந்து உதிர்ந்து சின்ன மேசையில் விரித்திருந்த பிள்ளையின் கொப்பிமேல் விழுகிறது, பிள்ளை அதை ஒவ்வொரு துணிக்கையாக விரலால் ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள், ஆரணி, ஏழு வயது, தன் தகப்பன் தலைக்கு மேலே தடியோடு நிற்பதை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, பயமில்லாத பிள்ளை என்று நான் நினைக்கிறேன், அவன் போட்ட சத்தம் எங்கோ சுவருக்கு அப்பால் யாரோ கத்துவதுபோல்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அப்போது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.

அம்மா, உங்களைத்தான், அந்தப் பெட்டிக்குள்ளை போய் இருக்கட்டாம், என்று துசி என் தோளைத் தட்டுகிறாள், துசி என் மகள், முப்பத்தொன்பது வயது, கொட்டாவியை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டு நிற்கிறாள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் காது பார்க்கக் கூட்டிவந்திருக்கிறாள், சுவிஸில் இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது, ஒருகாலம் இந்த ஊர்த் தமிழ்ச் சனம் முழுவதற்கும் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் கோட்டு வழக்கிலும் மொழிபெயர்த்தவள் நான், எழுபது தாண்டியதும் என் ஜேர்மன் பல் கழன்றதுபோல ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது, கடைசியாக வந்தது முதலில் போகும்போலிருக்கிறது, இப்போது எனக்கு என் மகள்தான் மொழிபெயர்க்கிறாள், சத்தம் கேட்டா இந்தப் பொத்தானை அமத்தட்டாம் அம்மா, கேக்காட்டிப் பேசாமல் இருக்கட்டாம், நான் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்காருகிறேன், வெளியே அவளும் காது பார்க்கிற பெண்ணும் வாயசைக்கிறார்கள், நான் பொத்தானை அழுத்துகிறேன், கேட்டதற்கும் அழுத்துகிறேன், கேட்காததற்கும் அழுத்துகிறேன்.

இரண்டு நாள் படிப்பித்துத்தான் எங்களை அந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு விட்டார்கள், அவர் சொல்கிறார், அவள் சொல்கிறாள் என்று சொல்லக்கூடாது, பேசுகிறவராகவே நின்று பேசவேண்டும், அவர் நான் என்றால் நீயும் நான் என்று சொல், கூட்டாதே, குறைக்காதே, முகத்தைக் காட்டாதே, அப்படியே செய்தேன், என் மனைவியின் கையை நான்தான் முறுக்கினேன் என்று சொன்னேன், எனக்கு முலையில் கட்டி இருக்கிறது, தொட்டுப் பார்க்க வெட்கமாயிருக்கிறது என்று சொன்னேன், பிள்ளையைக் கட்டிலோடு கட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன், பார்க்க ஆள் இல்லை என்று சொன்னேன், செல் குண்டு விழுந்த நாளிலிருந்து எனக்குக் கதவு சாத்தினால் மூத்திரம் போகிறது என்று சொன்னேன், எல்லாம் என் குரலில், எல்லாம் நான், வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி வைக்க முன்னம் வாயைக் கொப்பளிப்பேன், எத்தனை பேருடைய அடி இந்த வாயால் போயிருக்கிறது, என்னுடையது மட்டும் போகவில்லை.

அந்தத் தடிக்கு வருகிறேன், அது இருபத்தேழு வருஷத்துக்கு முந்தின ஒரு புரட்டாதி மாதம், ஆரணியை முதலாம் வகுப்பில் சேர்த்த புதிது, பெற்றோரை வரச்சொல்லி ரெகுலா ரீச்சர் கடிதம் போட்டிருந்தாள், இராசகுலம் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறவன், அன்றைக்கு வெள்ளைச் சேட்டு மடிப்புக் கலையாமல் போட்டு வந்தான், அவன் மனைவி மல்லிகாதேவி பெட்டி நிறையப் பயத்தம்பணியாரம் கொண்டுவந்தாள், அவன் கையில் பழைய பேப்பரில் சுற்றிய நீளமான ஒன்று, ரீச்சருக்கு முன்னால் பிரித்தான், ஆற்றங்கரையில் வெட்டிய தடி, தோல் சீவி, மணல் கடதாசியால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி, பிடிக்கிற பக்கம் சிவப்பு றிபன் கட்டியிருந்தது, மல்லிகா கட்டினது அக்கா, அவளுக்கு வடிவாக் கட்டத் தெரியும், என்று என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு ரீச்சரைப் பார்த்தான், இது பிள்ளைக்கு ரீச்சர், யோசிக்காமல் பாவியுங்கோ. எனக்குப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது, விளங்காமல் எப்படி, நானும் எங்கள் நாட்டில் பதினொரு வருஷம் படிப்பித்தவள், தை மாதம் புது வகுப்புத் தொடங்கினால் தகப்பன்மார் தடியோடுதான் வருவார்கள், எந்த வீட்டுத் தடி மேசையில் முன்னுக்குக் கிடக்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளையில் ரீச்சருக்கு அக்கறை என்று கணக்கு, நான் அடித்தேன், கணுக்கால் மொழியில் அடித்தேன், குவித்துப் பிடித்த விரல் நுனிகளில் அடித்தேன், ஒரு பெடியனின் நகம் கறுத்து விழுந்தது, அவன் தாய் வந்து நல்லாச் செய்தியள் ரீச்சர் என்று சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் தந்துவிட்டுப் போனாள், நான் அதைச் சாப்பிட்டேன். ரெகுலா ரீச்சர் தடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு, என்ன அழகு, இது எதற்கு என்று என்னைக் கேட்கிறாள், எனக்கு வெட்கம், அவனுக்காக வெட்கமா எனக்காக வெட்கமா தெரியவில்லை, எங்களை இவள் என்ன நினைப்பாள் என்ற வெட்கம், யன்னலோரம் பிள்ளைகள் வளர்க்கிற அவரைத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன, உங்கள் அவரைச் செடிகளுக்கு ஊன்றுவதற்காம், என்று சொன்னேன். அவள் கைதட்டினாள், ஆரணியின் பெயர் எழுதிய தொட்டியில் அப்போதே குத்தினாள், கரும்பலகைக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், இராசகுலத்துக்கு அதைக்கண்டு கண் கலங்கிவிட்டது, திரும்பி வரும்போது, நல்ல ரீச்சர் அக்கா, என்ரை பிள்ளையின்ரை தடியை முன்னுக்கே வைச்சிட்டா, என்றான், நான் சிரித்தேன், ஒரு சின்னப் பொய்யால் இரண்டு பக்கத்தையும் சந்தோஷப்படுத்திவிட்டேன் என்று எனக்குள் ஒரு கெட்டித்தனம் வேறு.

கார்த்திகையில் திரும்பக் கூப்பிட்டார்கள், வெளியே குளிர், உள்ளே சூடேற்றியின் வெக்கையில் அவரை யன்னல் உயரம் வளர்ந்திருந்தது, பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், மொழியும் வரவில்லை, விசேட வகுப்புக்கு மாற்ற யோசிக்கிறோம், என்று ரெகுலா ரீச்சர் மெதுவாகச் சொன்னாள், நான் அவளாக நின்று மெதுவாகவே சொன்னேன், இராசகுலத்தின் கண் என் முகத்தில் இல்லை, தொட்டியில் நிற்கிறது, தடியைக் காணவில்லை, கொடி அதை அடியிலிருந்து நுனிவரை மூடிவிட்டது, றிபனுக்கு மேலாலும் ஏறிப் பூத்திருக்கிறது, ஒருநாள்கூட எடுக்கேல்லை, என்றான், என்ன என்றேன், இவ ஒருநாள்கூட அந்தத் தடியை எடுக்கேல்லை அக்கா, கொடி படர விட்டிட்டா, வெள்ளைக்காரப் பிள்ளையளைப் பாக்கிறா, என்ரை பிள்ளையைக் கைகழுவிட்டா, கைகழுவினபடியாத்தானே மொக்கு வகுப்புக்கு அனுப்பப் பாக்கிறா, என்று எழும்பிப் போய் ஒரே இழுவையில் பிடுங்கினான், அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு குரலும், அந்தக் கையும், கொப்பியில் மண்ணும். ரெகுலா ரீச்சர் வையுங்கள் வையுங்கள் என்கிறாள், அவன் வைத்தான், சொன்னது கேட்டுத் தடியை மேசையில் மெதுவாகக் கிடத்தினான், அவளுக்கு மூச்சு வந்தது, எனக்கும் வந்தது, நீங்கள் அடிக்காட்டி நான் அடிக்கிறன், இஞ்சை பாருங்கோ, இது கேப்பாரில்லாத பிள்ளை இல்லை, என்று சொல்லிவிட்டு பிள்ளையைத் தன் பக்கம் திருப்பிக் கையை விரித்து ஒன்று விட்டான். அந்தச் சத்தத்தை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை, பிள்ளை கதிரையோடு சரிந்து விழுந்தாள், இடது காதிலிருந்து ஒரு நூல்போல ரத்தம் வந்து கழுத்துக்குள் இறங்கியது, அழவில்லை, விழுந்த இடத்திலிருந்தே கொப்பியைத் தேடினாள், ரெகுலா ரீச்சர் அலறிக்கொண்டு கதவைத் திறந்து ஓடினாள், மல்லிகா தன் சால்வையால் காதைப் பொத்தினாள், இராசகுலம் என்னைப் பார்த்து நிற்கிறான், ஏன் அக்கா அவ ஓடுறா, நான் அவவின்ரை பக்கம்தானே நிண்டனான்.

பெட்டிக்குள் ஊசி முனைபோல ஒரு சத்தம் வருகிறது, போகிறது, வலது காதில் வருகிறது, இடது காதில் வருவதே இல்லை, நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறேன், கண்ணாடிக்கு வெளியே துசி தலையைச் சரித்து அந்தப் பெண் சொல்வதைக் கேட்கிறாள், எப்போதும் வலது காதைக் கொடுத்துத்தான் கேட்பாள், மேசையில் இருந்தாலும் காரில் இருந்தாலும் ஆட்களைத் தன் வலப்பக்கம் எடுத்துக்கொள்வாள், கலியாண மேடையில் ஐயரிடம் சொல்லி மாப்பிள்ளையை வலப்பக்கம் மாற்றி இருத்தினாள், ஏதோ புது நாகரிகம் என்று சனம் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆஸ்பத்திரியிலும் ஒரு பெட்டி இருந்தது, அதற்குள் ஆரணியை இருத்தி இரண்டு கிழமையாகச் சோதித்தார்கள், இரண்டு காதிலும் பாதிக்குமேல் போய்விட்டது, பிள்ளை மொக்கும் இல்லை, மொழி வராததும் இல்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான் என்றார் டொக்டர், இந்தப் புதுக் கிழிவுக்குக் கீழே பழைய கிழிவு ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும், சீழ் கட்டி ஆறாமல் கிடக்கிறது, இதற்கு முன்னர் எப்போதாவது காதில் அடி விழுந்ததா, நான் அதைத் தமிழில் கேட்டேன், இராசகுலம் நிலத்தைப் பார்த்து இல்லை என்றான், இல்லை என்று சொன்னேன், அப்போது மல்லிகா என் முழங்கையைப் பிடித்தாள், அக்கா, இதைச் சொல்லாதேங்கோ, உங்களுக்குத்தான் சொல்லுறன், போன வைகாசியில வாய்ப்பாடு பிழைச்சுதெண்டு இரண்டு கையாலையும் சேர்த்துப் பொத்தி அடிச்சவர், இரண்டு காதாலையும் ரத்தம் வந்தது, டொக்டரிட்டைப் போனா எங்களைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்களெண்டு பயத்திலை நான் வேப்பெண்ணெய் விட்டுப் பஞ்சு அடைச்சனான், சொல்லாதேங்கோ அக்கா. டொக்டர் பேனையோடு காத்திருக்கிறார், அந்தம்மா என்ன சொன்னார், காதில் விழுந்ததெல்லாம் சொல்லவேண்டும் என்பது சட்டம், ஆனால் நான் சொன்னது சட்டத்துக்காக இல்லை, ஒருதரம் தடியைச் செடிக்கு என்று சொன்ன வாய் இது, இந்தத் தரமாவது என்று ஒரு வீம்பு, போன மே மாதம் என் கணவர், என்று தொடங்கினேன், பேனை எழுதத் தொடங்கியது, மல்லிகாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது, பேனையைப் பார்த்து விளங்கிக்கொண்டாள், என் முழங்கையிலிருந்து அவள் கை கழன்றது, இன்னும் அந்த இடம் குளிர்கிறது.

பிள்ளையைக் கூட்டிப்போகச் சிறுவர் பாதுகாப்பிலிருந்து இரண்டு பெண்கள் காரில் வந்தார்கள், நானும் போகவேண்டியிருந்தது, நாங்கள் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்பதை நான்தான் அவர்களாக நின்று சொன்னேன், மல்லிகா கார்க் கதவின் பிடியைப் பிடித்துத் தொங்குகிறாள், கார் மெல்ல நகர்கிறது, விடவில்லை, முழங்கால் றோட்டில் இழுபட்டுத் தோல் உரிந்து வெள்ளை தெரிகிறது, இராசகுலம் தன் தலையைச் சுவரில் மோதுகிறான், ஒன்று, இரண்டு, எண்ணுகிறமாதிரி மோதுகிறான், கண்ணாடிக்குப் பின்னால் ஆரணி தாயின் வாயையே பார்த்துக்கொண்டு போகிறாள், அது திறந்து திறந்து மூடுகிறது, என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்தாள், நான் சொல்லவில்லை.

பிறகு தமிழ்க்கடையில் எனக்குச் சாமான் தந்தார்கள், முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, பிள்ளைபிடிகாரி வாறா என்று ஒருத்தி தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், பகிடிபோலவும் இருந்தது, பகிடியில்லை, மார்கழி முதற்கிழமை மத்தியானம் பஸ்தரிப்பில் நிற்கிறேன், இராசகுலம் வருகிறான், குசினி ஏப்ரனோடு, குளிர்ச்சட்டை இல்லாமல், நெற்றியில் காயம், அக்கா, என்று நல்ல குரலில்தான் தொடங்கினான், ரெகுலா ரீச்சர் வீட்டை வந்தவ, ஆரணியின்ரை கொப்பியளைத் தர, எனக்குத் தெரிஞ்ச அரைகுறை டொச் பாசையிலை அந்தத் தடியைப் பற்றிக் கேட்டனான், அவ அழுதிட்டா, செடிக்குத் தந்ததெண்டல்லோ நினைச்சனான் எண்டு சொன்னவ, ஆர் அக்கா அப்பிடிச் சொன்னது, நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன், இஞ்சை என்னைப் பாருங்கோ, ஆர் சொன்னது, நான்தான் என்றேன், அந்த நான் என்னுடைய நான், வருஷக்கணக்கில் முதன்முறை, அவன் ஏப்ரனில் கையைத் துடைத்தான், அண்டைக்கே சரியாச் சொல்லியிருந்தா அவ வேண்டாமெண்டு தடியைத் திருப்பித் தந்திருப்பா, இஞ்சை அடிக்கிறேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கியிருக்கும், நான் எருமை இல்லை அக்கா, சொன்னா விளங்குவன், என்று சொல்லும்போது குரல் உடைந்தது, உடைந்த குரலோடு சேர்ந்து வந்ததுபோலத்தான் அந்த அடி, இடது காதில், பஸ்தரிப்பின் கண்ணாடியில் என் மறுபக்கத் தலை போய் அடிக்கிறது, ஊர் முழுக்க ஒரு மணி ஒலிக்கிறது, அவன் வாய் அசைகிறது, கேட்கவில்லை, அவன் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கிறான், நான் பொலிசுக்குச் சொல்லவில்லை, சொல்லும் உரிமை எனக்கிருக்கவில்லை.

நடந்து வீட்டுக்கு வருகிறேன், காதில் கழுத்துச்சால்வை பொத்திப் பிடித்தபடி, துசி மேசையில் வீட்டுவேலை செய்கிறாள், பன்னிரண்டு வயது, தகப்பன் எங்களை விட்டுப் பாரிசுக்குப் போய் இரண்டு வருஷம், என் சால்வையில் ரத்தத்தைப் பார்த்தாள், பயந்தாள், பிறகு பயம் வடிந்து வேறொன்று முகத்தில் வந்தது, அம்மா, ஆரணியைக் கொண்டுபோயிட்டினமாம், தகப்பன் அடிச்சதெண்டு நீங்கள்தான் சொன்னனீங்களாம், பள்ளிக்கூடத்திலை எல்லாரும் கதைக்கினம், ஓம் என்றேன், நீங்களும் எனக்கு அடிக்கிறனீங்கள்தானே, அகப்பைக் காம்பாலை அடிச்சனீங்கள், போன கிழமையும் அடிச்சனீங்கள், அப்ப என்னைப் பற்றி ஆர் சொல்லுறது. நக்கலாகக் கேட்கவில்லை, கணக்கில் விளங்காத ஒன்றைக் கேட்கிறமாதிரி பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், என் கை எப்போது உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது, பஸ்தரிப்பிலிருந்தே உயர்ந்து வந்ததோ, பதினொரு வருஷம் அங்கே உயர்ந்து நின்ற கை இறங்கவே இல்லையோ, இடது காதில், என்னுடைய அதே பக்கம், அவள் கதிரையோடு போய்ச் சூடேற்றியில் விழுந்தாள், நான் அவளுக்கு மேலே போய் இன்னும் ஒன்று விட்டேன், இன்னும் ஒன்று, எத்தனை என்று கேட்டால் மூன்று என்பேன், மூன்றில்லை. பிறகு இரண்டுபேரும் குளியலறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று காது கழுவினோம், ஒரே தண்ணீரில் இரண்டுபேருடைய ரத்தமும் சுழன்று போனது, ஆரும் கேட்டா சறுக்கி விழுந்தனான் எண்டு சொல்லு, என்றேன், அடுத்தநாள் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல், என் மகள் எனக்காகச் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது.

அதற்குப் பிறகு நான் அடிக்கவில்லை, அடிக்கவில்லை என்பதால் சொல்லத் தேவையில்லை என்று வைத்துக்கொண்டேன், ஆரணி ஒரு பால்பண்ணைக்காரர் வீட்டில் வளர்ந்தாள், காதுக்குக் கருவி வைத்தார்கள், இரண்டு வருஷத்தில் ஜேர்மன் பொழிந்தாள், கணக்கில் வகுப்பில் முதலாவது என்றார்கள், தமிழ் மறந்துபோனது, பதினைந்து நாளுக்கு ஒருதரம் மல்லிகா போய்ப் பார்க்கலாம், நடுவில் இருக்க நான் போகவேண்டும், வேறு ஆள் இல்லை, மல்லிகா என் முகத்தைப் பார்க்காமல் பேசுவாள், சாப்பிட்டவளோ எண்டு கேளுங்கோ, சாப்பிட்டேன், ஆர் தலை இழுத்துப் பின்னிவிடுறது எண்டு கேளுங்கோ, நானே பின்னுகிறேன், ஒருநாள் பிள்ளை கேட்டாள், இந்த அம்மா ஏன் என்னைத் தொடும்போது என் காதை மட்டும் தொடுகிறார், நான் அதைத் தமிழாக்கினேன், மல்லிகா பயத்தம்பணியாரப் பெட்டியைத் திறந்து வைத்தாள், பிள்ளை ஒன்றை எடுத்து மணந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். தடி எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, பிடுங்குப்பட்ட அவரையை ரெகுலா ரீச்சர் திரும்ப நட்டுப் பார்த்தாள், பிழைக்கவில்லை.

முடிஞ்சுதாம் அம்மா, வெளியிலை வாங்கோ, என்று துசி கண்ணாடிக் கதவைத் திறக்கிறாள், காது பார்க்கிற பெண் ஒரு தாளில் கோடுகளைக் காட்டுகிறாள், வலது கோடு இறங்கி இறங்கிப் போகிறது, அது வயது, இடது கோடு தொடங்கும்போதே அடியில் கிடக்கிறது, அது வயதில்லையாம், இந்தக் கருவியைப் போட்டுப் பாப்பம் அம்மா, அசையாமல் இருங்கோ, என்று துசி குனிகிறாள், அவள் கை உயர்ந்து என் இடது காதுப்பக்கம் வருகிறது, விரல்களுக்கு நடுவில் அவரைவிதை அளவில் ஒரு பொருள், கை மட்டும்தான் எனக்குத் தெரிகிறது, நான் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கதிரையில் சுருண்டுவிடுகிறேன், அடியாதை, அடியாதை, என்று ஒரு சத்தம் கேட்கிறது, அது என் சத்தம், துசியின் கை அந்தரத்தில் அப்படியே நிற்கிறது, உதிர மண் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கை, காது பார்க்கிற பெண் என்னைப் பார்க்கிறாள், துசியைப் பார்க்கிறாள், மெதுவாக ஜேர்மனில் ஏதோ கேட்கிறாள், எனக்குச் சொற்கள் பிடிபடவில்லை, ஆனால் அந்த இழுவை எனக்குத் தெரியும், பேனையோடு காத்திருந்து கேட்கிற இழுவை, துசி உடனே மொழிபெயர்க்கவில்லை, கதிரையை இழுத்து எனக்கு நேரெதிரே போட்டு உட்காருகிறாள், தலைமயிரைக் கோதித் தன் வலது காதை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவருகிறாள், அம்மா, காதிலை எப்பவாவது அடி விழுந்ததோ எண்டு கேக்கிறா, எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கோ.